வீட்டுச் சாமான்களுக்கு ஸ்பானிஷில் பெயர்: ஆங்கிலச் சொல்லை நம்பி இறங்காதீர்கள்

ஸ்பானிஷ் படிக்கத் தொடங்கும் தமிழர்களில் பெரும்பாலோர் ஆங்கிலம் வழியாகத்தான் போகிறார்கள். செயலியும் ஆங்கிலத்தில், பாடப்புத்தகமும் ஆங்கிலத்தில். முதல் சில பாடங்களுக்குள்ளேயே வீட்டுச் சாமான்களின் பட்டியல் வந்துவிடும். டேபிளுக்கு மேசா, ஸ்பூனுக்கு குச்சாரா, பெட்டுக்கு காமா என்று இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் ஸ்பானிஷ். மனப்பாடம் செய்தால் முடிந்தது என்று தோன்றும். வினைச்சொல்தான் கடினம், பெயர்ச்சொல்லில் என்ன இருக்கிறது என்றும் நினைப்போம். ஆனால் பட்டியலை மூடிவிட்டு ஒரு ஸ்பானிஷ் வீட்டுச் சமையலறைக்குள் நுழைந்தால், அந்த இரண்டு வரிசைகளும் ஒன்றுக்கொன்று பொருந்தாத இடங்கள் வரிசையாகக் கண்ணில் படும்.

'கிளாஸ்' என்ற ஒரே ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொள்வோம். தண்ணீர் குடிக்கிற டம்ளர் என்றால் ஸ்பானிஷில் 'பாசோ'. அதே கண்ணாடியில் செய்து, கீழே தண்டும் அடித்தட்டும் வைத்த ஒயின் கோப்பை என்றால் 'கோப்பா'. கண்ணாடி என்ற பொருளைச் சொல்ல 'பித்ரியோ'. ஜன்னலில் பதித்த கண்ணாடியை ஸ்பெயினில் பெரும்பாலும் 'கிறிஸ்தால்' என்பார்கள். மூக்கில் மாட்டுவது ஸ்பெயினில் 'காஃபாஸ்', மெக்சிகோவில் 'லென்தேஸ்', அர்ஜென்டினாவில் 'அன்தெயோஹோஸ்'. ஆங்கிலம் இத்தனையையும் ஒரே சொல்லுக்குள் அடைத்து வைத்திருக்கிறது. அகராதியில் முதலில் கிடைப்பதை எடுத்துப் போட்டால், தாகத்துக்கு ஜன்னல் கண்ணாடியைக் கேட்கும்படி ஆகிவிடலாம்.

ஆகவே பொருளிலிருந்து தொடங்குவது நல்லது. கையில் இருப்பது என்ன, எதற்குப் பயன்படுகிறது, எந்த வடிவம்? இதைக் கேட்டுவிட்டு ஸ்பானிஷ் பெயரைத் தேடினால் பாதிச் சிக்கல் போய்விடும். துணி தேய்க்கிற இஸ்திரிப்பெட்டியைச் சொல்ல ஆங்கிலத்தின் 'அயர்ன்' வழியாகப் போனால் 'இயேர்ரோ' என்று வந்து நிற்கும், அது இரும்பு. இஸ்திரிப்பெட்டி 'பிளான்ச்சா'. 'ஃபேன்' என்று தேடினால் மின்விசிறிக்கு 'பென்திலாதோர்', கைவிசிறிக்கு 'அபனீக்கோ' என இரண்டு வரும். 'பிரஷ்' என்றால் பல் தேய்ப்பது 'செபீயோ', சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது 'பிரோச்சா', படம் வரைவது 'பின்செல்'. நமக்குத் தூரிகையும் பல் பிரஷ்ஷும் வேறு வேறுதானே. அந்தப் பிரிவு மனதில் ஏற்கெனவே இருப்பதால், ஆங்கிலம் மட்டும் தெரிந்தவரைவிடத் தமிழருக்கு இது சுலபம்.

எதிர்த்திசையிலும் இப்படி நடக்கும். நாம் பிரித்து வைத்திருப்பதை ஸ்பானிஷ் சேர்த்துவிடும். சுவர்க் கடிகாரம், கைக்கடிகாரம் இரண்டுமே 'ரெலோஹ்'. மாடிப்படி, ஏணி இரண்டுமே 'எஸ்கலேரா'. அறைக்குள்ளிருந்து அண்ணாந்து பார்க்கிற மேற்பரப்பும், வெளியே மழை விழுகிற கூரையும் பேச்சில் 'தேச்சோ'தான். 'கொசீனா' என்றால் சமையலறை. பல நாடுகளில் அந்த அறைக்குள் இருக்கிற அடுப்பும் கொசீனாவே. 'யாபே' என்றால் சாவி. அதே யாபே ஸ்பேனரும் ஆகும், மெக்சிகோவில் தண்ணீர்க் குழாயும் ஆகும். "யாபேயை மூடு" என்று ஒரு மெக்சிகோ அம்மா சொன்னால் பூட்டைத் தேடி ஓடாதீர்கள்.

உச்சரிப்பைப் பற்றி இங்கேயே கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டுரையில் தமிழ் எழுத்தில் தந்திருப்பது காதுக்காக. எழுத்துக்கூட்டலுக்கு அகராதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்பானிஷில் 'வ' ஒலி தனியாகக் கிடையாது. எழுத்தில் எதுவாக இருந்தாலும் வாயில் 'ப'வின் மென்மையான வடிவம்தான் வரும், அதனால்தான் பாசோ. ஆங்கிலத்தின் 'எச்' (h) எழுத்து ஸ்பானிஷில் ஊமை. h-இல் தொடங்கும் 'ஓவன்' அடுப்பின் பெயரை 'ஓர்னோ' என்றுதான் சொல்ல வேண்டும். குளியலறையான 'பாஞோ'வில் வருவது நம்முடைய ஞகரமேதான், அதைச் சொல்லிக்கொடுக்க ஆங்கிலப் புத்தகங்கள் அரைப் பக்கம் எழுதும். 'தெனெதோர்' என்ற முள்கரண்டியில் வருகிற தகரமும் நாக்கு பல்லைத் தொடும் நம் தகரம்தான். ஸ்பெயினின் பெரும்பகுதியில் சில சகரங்கள் நாக்கு நுனியைப் பல்லிடுக்கில் வைத்துச் சொல்லும் ஒலியாக மாறிவிடும். லத்தீன் அமெரிக்காவில் 'தாசா' என்று சொல்லும் காபிக் கோப்பை, மாட்ரிட்டில் கிட்டத்தட்ட 'தாத்தா' என்று காதில் விழும்.

அடுத்தது பால் வேறுபாடு. தமிழில் சாமான் எல்லாமே அஃறிணை, அத்தோடு சரி. ஸ்பானிஷில் ஒவ்வொரு சாமானும் ஆண்பாலோ பெண்பாலோதான். 'எல்' முன்னால் வந்தால் ஆண்பால், 'லா' வந்தால் பெண்பால்: எல் பாசோ, லா மேசா. சிவப்பு டம்ளர் 'பாசோ ரோஹோ', சிவப்பு மேசை 'மேசா ரோஹா' என்று பண்புச்சொல்லும் கூடவே மாறும். மேசைக்கு எதற்குப் பெண்பால் என்று ஆராய வேண்டாம், காரணம் எதுவும் கிடைக்காது. ஓகாரத்தில் முடிந்தால் ஆண்பால், ஆகாரத்தில் முடிந்தால் பெண்பால் என்ற விதி பெரும்பாலும் கைகொடுக்கும். ஆனால் சோஃபா ஆண்பால், கையைக் குறிக்கும் 'மானோ' பெண்பால். மெய்யெழுத்திலோ ஏகாரத்திலோ முடிகிறவற்றை இந்த விதியால் ஒன்றும் செய்ய முடியாது. சுவரான 'பரேத்' பெண்பால், சாவியான யாபே பெண்பால், கடிகாரமான ரெலோஹ் ஆண்பால். வாணலிக்கு ஈடான 'சர்த்தேன்' விஷயத்தில் ஸ்பானிஷ்காரர்களே ஒத்துப்போவதில்லை: ஸ்பெயினில் லா சர்த்தேன், லத்தீன் அமெரிக்காவின் பல இடங்களில் எல் சர்த்தேன். எனவே சொல்லைத் தனியாக எழுதிப் படிக்காதீர்கள். நோட்டில் எழுதினாலும், பொருளின் மேல் சீட்டு ஒட்டினாலும், எல் அல்லது லாவைச் சேர்த்தே எழுதுங்கள். பிறகு தனியாக ஞாபகம் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டால் அது நடக்காது.

சரி, தமிழருக்கு இதில் எதிர்பாராத ஒரு வசதி இருக்கிறது. 'மேசா' என்று படித்ததுமே நம் மேசை நினைவுக்கு வந்திருக்கும். அது தற்செயல் அல்ல. வாஸ்கோ ட காமா 1498-இல் கோழிக்கோட்டில் இறங்கியதைத் தொடர்ந்து போர்த்துக்கீசியர்கள் நம் கரையோரங்களில் வணிகமும் சண்டையும் ஆட்சியும் நடத்தினார்கள். யாழ்ப்பாணம் 1619 முதல் 1658 வரை அவர்கள் கையில் இருந்தது. அவர்களோடு வந்த சாமான்களின் பெயர்கள் தமிழிலேயே தங்கிவிட்டன. போர்த்துக்கீசும் ஸ்பானிஷும் லத்தீனுக்குப் பிறந்த அக்கா தங்கை என்பதால், தமிழில் தங்கிய போர்த்துக்கீசச் சொல்லிலிருந்து ஸ்பானிஷ் சொல்லைப் பல சமயம் ஊகித்துவிடலாம். அலமாரிக்கு 'அர்மாரியோ'. சாவியின் போர்த்துக்கீச மூலமும் ஸ்பானிஷ் யாபேயும் ஒரே லத்தீன் சொல்லின் இரு வடிவங்கள்.

இலங்கைத் தமிழருக்கு இந்தச் சலுகை இன்னும் அதிகம். யாழ்ப்பாணத்துக் குசினிதான் ஸ்பானிஷின் கொசீனா. சப்பாத்து 'சப்பாத்தோ'. துவாய் 'தொஆயா'. உட்காருகிற வாங்கு 'பான்கோ'. காலையில் சாப்பிடுகிற பாண் 'பான்'. ஒரு யாழ்ப்பாணத்து ஆச்சி ஸ்பானிஷ் வகுப்பில் உட்கார்ந்தால், அமெரிக்கக் கல்லூரி மாணவரைவிட முதல் பாடத்தை வேகமாக முடித்துவிடுவார் என்பது என் கணிப்பு.

ஆனால் இப்படி ஒரே மூலத்தில் பிறந்த சொற்களும் காலை வாரும். கதிரையும் போர்த்துக்கீசத்திலிருந்து வந்ததுதான். அதை வைத்து ஸ்பானிஷில் 'கதேரா' என்று ஊகித்தால், அது இடுப்பெலும்புப் பகுதி! லத்தீனில் இருக்கையைக் குறித்த சொல் போர்த்துக்கீசத்தில் நாற்காலியாகவே நின்றது. ஸ்பானிஷில் உட்காருகிற உடலுறுப்புக்குப் போய்விட்டது. நாற்காலிக்கு ஸ்பானிஷில் 'சீயா'. ஜன்னலும் அப்படித்தான், போர்த்துக்கீசத்திலிருந்து வந்த சொல்லானாலும் ஸ்பானிஷில் அது 'பென்தானா'. காற்றைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. கோப்பை, கோப்பா இரண்டும் ஒரே குடும்பம் என்றாலும், காபிக் கோப்பையைக் கோப்பா என்றால் ஒயின் கிளாஸில் காபி கேட்டதாக ஆகும்.

வீட்டுப் பொருள்களின் பெயர்களில் இன்னொரு பெரிய பங்கு அரபியிலிருந்து வந்தது. 711-இல் தொடங்கி 1492-இல் கிரனாடா வீழும்வரை, ஸ்பெயினும் போர்த்துக்கலும் அடங்கிய ஐபீரியத் தீபகற்பத்தின் ஏதோ ஒரு பகுதி முஸ்லிம் ஆட்சியில் இருந்தது. தலையணைக்கு 'அல்மொஆதா', கம்பளத்துக்கு 'அல்ஃபோம்ப்ரா', சுவர் ஓட்டுக்கு 'அசுலேஹோ', எண்ணெய்க்கு 'அசேய்த்தே' என்று அகரத்தில் தொடங்குகிற கூட்டம் அப்படி வந்ததுதான். அரபியில் பெயருக்கு முன்னால் வரும் 'அல்' ஒட்டிக்கொண்டே வந்துவிட்டது. மேலே பார்த்த தாசாவும் தண்ணீர் ஜாடியான 'ஹார்ரா'வும்கூட அரபிதான். உருதுவோ அரபியோ தெரிந்தவர்களுக்கு இதில் சில சொற்கள் பழகிய முகமாக இருக்கும்.

இதுவரை சொன்னதெல்லாம் ஒரு நாட்டு ஸ்பானிஷை மட்டும் வைத்துப் பார்த்தாலே வருகிற சிக்கல்கள். உண்மையில் ஏறத்தாழ 20 நாடுகளின் ஆட்சிமொழி அது. அரசியலுக்கும் அறிவியலுக்கும் அந்த நாடுகள் பெரும்பாலும் ஒரே சொற்களையே வைத்துக்கொள்கின்றன. சமையலறைக்குள் போனால்தான் ஆளுக்கொரு பெயர். வீட்டுச் சாமானின் பெயரை யாரும் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்வதில்லை, அம்மாவிடம் கேட்டுத்தான் வருகிறது. அதனால் அந்தந்த ஊரின் சொல் அந்தந்த ஊரிலேயே நின்றுவிடுகிறது.

ஃப்ரிட்ஜைப் பாருங்கள். ஸ்பெயினில் 'ஃப்ரிகோரீஃபிகோ' அல்லது 'நெபேரா'. கொலம்பியாவிலும் வெனிசுவேலாவிலும் நெபேரா. மெக்சிகோவில் 'ரெஃப்ரிஹெராதோர்', ஆண்பால். பெருவில் 'ரெஃப்ரிஹெராதோரா', பெண்பால். அர்ஜென்டினாவில் 'எலாதேரா'. நெபேரா என்ற சொல்லுக்குள் பனி இருக்கிறது: மின்சாரம் வருவதற்கு முன் மலையிலிருந்து பனியைக் கொண்டுவந்து குழிகளில் சேமித்தார்கள், அந்தக் கிடங்குகளுக்கு இருந்த பெயர் பிறகு பெட்டிக்கு ஏறியது. குளிர்பானம் உறிஞ்சுகிற ஸ்ட்ராவின் கதை இன்னும் மோசம். ஸ்பெயினில் 'பஹீத்தா', மெக்சிகோவில் 'போப்போத்தே', கொலம்பியாவில் 'பித்தீயோ', பெருவில் 'கஞீத்தா', சிலியில் 'பொம்பீயா'. அதே பொம்பீயா ஸ்பெயினில் பல்பு. அர்ஜென்டினாவில் மாத்தே என்ற இலைக் கஷாயத்தை உறிஞ்சும் உலோகக் குழல். அப்படியானால் பல்புக்கு மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள்? மெக்சிகோவிலும் பெருவிலும் 'ஃபோக்கோ', கொலம்பியாவில் 'பொம்பீயோ', சிலியில் 'அம்பொயேத்தா'.

ஆபத்தானது வேறு வகை: ஒரே சொல், வெவ்வேறு பொருள். 'எஸ்தூஃபா' என்றால் மெக்சிகோவில் சமையல் அடுப்பு, ஸ்பெயினில் குளிர்காலத்து அறை ஹீட்டர். 'லாபாப்லாத்தோஸ்' என்றால் ஓரிடத்தில் பாத்திரம் கழுவும் இயந்திரம், கொலம்பியாவிலும் சிலியிலும் பாத்திரம் கழுவும் தொட்டி. தெரியாத சொல்லென்றால் எதிரே இருப்பவர் "என்ன?" என்று திருப்பிக் கேட்பார். இந்த வகையில் அவர் கேட்க மாட்டார், வேறொன்றைக் கொண்டுவந்து வைப்பார்.

தொடக்கத்தில் இருப்பவர் இத்தனையையும் தலையில் ஏற்ற வேண்டியதில்லை. ஒரு நாட்டைத் தேர்ந்தெடுங்கள். வேலை மெக்சிகோ நிறுவனத்தோடு என்றால் மெக்சிகோச் சொல்லை மட்டும் படியுங்கள், மற்றவை காதில் படும்போது புரிந்தால் போதும். சரிபார்க்க எனக்குப் பிடித்த வழி, அந்த நாட்டு ஆன்லைன் கடையில் அந்தச் சொல்லைத் தட்டிப் பார்ப்பது. நீங்கள் நினைத்த பொருளின் படம் வரிசையாக வந்தால் சொல் சரி. போர்வைக்கு 'மான்தா' என்று தட்டினால் ஸ்பெயின் கடை உடனே போர்வையைக் காட்டும். மெக்சிகோக் கடையில் 'கோபீஹா' என்று கேட்பதே இயல்பு. மொழிபெயர்ப்புச் செயலி சொல்வதைவிடக் கடைக்காரர் சொல்வதை நான் நம்புவேன், அவருக்குச் சாமான் விற்றாக வேண்டும். அப்புறம், 1713-இல் தொடங்கப்பட்ட ஸ்பானிஷ் அரச அகாதமியின் அகராதி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஒரு சொல் குறிப்பிட்ட நாடுகளில் மட்டும் வழங்கினால் அந்த நாட்டின் பெயரைச் சுருக்கமாகப் போட்டிருப்பார்கள். பலர் அதைக் கவனிக்காமல் தாண்டிவிடுகிறார்கள்.

மெக்சிகோவைத் தேர்ந்தெடுத்தால் தமிழருக்கு ஒரு இன்பம் காத்திருக்கிறது. அங்கே சமையலறைச் சாமான்களில் பலவற்றுக்கு, ஸ்பானியர்கள் வருவதற்கு முன்பிருந்த நாவாத்தல் மொழிப் பெயர்களே இன்றும் வழங்குகின்றன. ஸ்ட்ராவுக்குச் சொன்ன போப்போத்தேயும் அங்கிருந்துதான். 'கொமால்' என்பது தோர்த்தியா என்ற மக்காச்சோள ரொட்டியைச் சுடுகிற தட்டையான கல். மண்ணிலும் இருக்கும், இரும்பிலும் இருக்கும். நம் தோசைக்கல்லை அருகில் வைத்தால் அண்ணன் தம்பி என்றே சொல்லலாம். 'மெத்தாத்தே' மூன்று கால்களோடு சற்றே சாய்ந்து நிற்கும் எரிமலைக்கல் பலகை. முழங்காலிட்டு, இரு கைகளாலும் ஒரு நீளக் கல்லை முன்னும் பின்னும் உருட்டி, ஊறவைத்த மக்காச்சோளத்தை அரைப்பார்கள். அம்மியும் குழவியும் தெரிந்தவருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். 'மொல்கஹேத்தே' அதே கல்லில் குடைந்த கிண்ணம், மிளகாயும் தக்காளியும் நசுக்கிச் சல்சா செய்ய. 'பெத்தாத்தே' பனையோலையில் முடைந்த படுக்கைப் பாய். இவற்றுக்கு ஆங்கிலம் வைத்திருக்கும் பெயர்கள் எல்லாம் பொதுப்பெயர்கள். ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு போனால் கொமால் என்பது ஏதோ இரும்புத் தட்டு என்ற அளவில்தான் புரியும். தமிழிலிருந்து நேரே போங்கள், அடி பிடிக்காமலிருக்க முதலில் கல்லைப் பழக்க வேண்டும் என்பதுவரை சொல்லாமலே விளங்கும்.

சொற்களைச் சேர்ப்பதில் ஒரு வித்தியாசம். ஆங்கிலத்தைப் போலவே நாமும் அடைமொழியை முன்னால் வைப்போம்: சமையலறை மேசை, மர நாற்காலி. ஸ்பானிஷில் பொருள் முதலில் வரும், நடுவில் 'தே' போட்டு மற்றதை இணைப்பார்கள்: 'மேசா தே கொசீனா', 'சீயா தே மதேரா'. 'பாசோ தே ஆகுவா' என்றால் ஒரு டம்ளர் தண்ணீர், 'பாசோ தே பித்ரியோ' என்றால் கண்ணாடி டம்ளர். உள்ளே இருப்பதும் செய்த பொருளும் ஒரே 'தே'யில் வந்துவிடும், இடத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டியதுதான்.

சொல்லின் வாலும் முக்கியம். பெரியதைக் குறிக்கும் 'ஓன்' என்ற விகுதி சேர்ந்தால் பல சமயம் பொருளே மாறிவிடும். பெட்டியான 'காஹா'வோடு ஓன் சேர்ந்தால் 'கஹோன்', அது மேசை டிராயர். குச்சாரா ஸ்பூன், 'குச்சாரோன்' குழம்பு ஊற்றும் கரண்டி. சீயா நாற்காலி, 'சியோன்' கைவைத்த சாய்வு இருக்கை. ஹார்ரா தண்ணீர் ஜாடி, 'ஹார்ரோன்' பூ ஜாடி. மூலச்சொற்கள் நான்கும் லா. ஓன் சேர்ந்ததும் நான்கும் எல்.

கடைசியாக, ஸ்பானிஷில் எனக்கு மிகவும் பிடித்த வகை. வினையையும் பெயரின் பன்மையையும் ஒட்டி ஒரு சாமானுக்குப் பெயர் வைத்துவிடுவார்கள். திறக்கிறது, தகர டப்பாக்கள்: 'ஆப்ரெலாத்தாஸ்', டப்பா திறப்பான். பிடுங்குகிறது, தக்கைகள்: 'சாக்காகோர்ச்சோஸ்', பாட்டில் தக்கை பிடுங்கி. வெட்டுகிறது, நகங்கள்: 'கோர்த்தாஊஞாஸ்', நகவெட்டி. தடுக்கிறது, தண்ணீர்கள்: 'பராகுவாஸ்', குடை. பன்மை வடிவில் முடிந்தாலும் ஒரு குடைக்கு எல் பராகுவாஸ், பத்துக் குடைக்கு லோஸ் பராகுவாஸ்; சொல் அசையாது. உள்ளே இருக்கும் பெயர் பெண்பாலாக இருந்தாலும் சொல் முழுவதும் ஆண்பால்தான்.

பெயர் தெரியாத சாமானைக் கேட்கவும் இதே வழி உதவும். கையில் காட்ட முடிந்தால் "கோமோ சே யாமா எஸ்தோ?", அதாவது இதற்கு என்ன பெயர் என்று கேட்டுவிடலாம். காட்ட முடியாவிட்டால், அது செய்கிற வேலையைச் சொல்லுங்கள். 'லா கோசா பாரா', அதாவது 'இதற்கான பொருள்' என்று தொடங்கி, பின்னால் வினையும் பெயரும் போதும். உருளைக்கிழங்கின் தோல் சீவும் கருவி வேண்டுமா? "லா கோசா பாரா பெலார் பாப்பாஸ்" என்று பெருவில் கேட்டால், கடைக்காரர் பாதியிலேயே 'பெலாபாப்பாஸ்' என்று எடுத்துக் கொடுத்துவிடுவார். உருளைக்கிழங்குக்கு ஸ்பெயினின் பெரும்பகுதியில் 'பத்தாத்தா' என்று பெயர். அங்கே அதே கருவி 'பெலாபத்தாத்தாஸ்'.